காய்ச்சல்னு சொல்லிடு

...பின்ன என்னங்க, ஒரு பாடத்துல மார்க் கொறைஞ்சா புள்ளைக்கு அறிவே இல்லைன்னு அர்த்தமா? நீங்களே சொல்லுங்க! பொருளாதாரத்துல நாப்பத்தொண்ணு. இந்த யுனிவர்சிட்டியில அதுக்குப் போயி இவ்வளவு நேரமா உள்ள வச்சு நேர்காணல்! ஒங்க பொண்ணை இன்னும் கூப்பிடலையா? கூப்பிடுவாங்க, உக்காருங்க.

எம்பொண்ணு பேரு மணிமேகலை. வரலாறு படிக்கணுமாம். நாங்க ஸ்ரீரங்கந்தான். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா சாமியைப் பாக்க மாட்டா, செவுத்துல வெட்டியிருக்குற எழுத்தைத் தடவிக்கிட்டு நிப்பா. வரிசை நகந்து போயிடும், திட்டு மட்டும் எனக்கு! அந்தக் காலத்துல எவளோ ஒருத்தி வெளக்கெரிக்க ஆடு குடுத்தாளாம். ஆடும் போச்சு, வெளக்கும் போச்சு, அவ பேரு மட்டும் கல்லுல ஜில்லுன்னு உக்காந்திருக்கு. என்னையும் ஒரு நாளு தொட்டுப் பாக்கச் சொன்னா... ஆமாங்க, ஜில்லுன்னுதான் இருந்துச்சு.

மத்த பாடமும் சுமார்தான், மறைப்பானேன். வரலாறு மட்டும் எம்பதைத் தாண்டிருச்சு. மூணு காலேஜுல கேட்டுப் பாத்தாச்சு, இடமில்லைன்னுட்டாங்க. இதுவும் இல்லைன்னா ஜவுளிக்கடை வேலைக்கு அனுப்புங்கன்னு அவ சித்தப்பா தயாரா நிக்கிறாரு.

எல்லாம் அந்தப் பரிச்சை ஹாலால வந்த வெனை! காத்தாடி அவ்வளவு நல்லா சுத்துச்சாம். பரிச்சை எழுதுற எடத்துல எதுக்குங்க அப்படிக் காத்து? புள்ள தூங்கிடுச்சு. லேசா இல்லைங்க... டீச்சர் எழுப்பி, மூஞ்சி கழுவிட்டு வரச் சொல்லி, வந்து மறுபடியும் தூங்கியிருக்கா.

ஏன் தூங்குனாளா? அது வந்து... காய்ச்சல். ஆமாங்க, காய்ச்சல். உள்ள கேட்டா அப்படித்தான் சொல்லணும்னு சொல்லி வச்சிருக்கேன். 'காய்ச்சல்னு சொல்லிடு, கண்ணைக் கொஞ்சம் சொருகிக்கோ'ன்னு பஸ்ஸுலயே பழக்கிட்டேன். ஆனா அவளுக்குப் பொய் வராதே! அப்படியே அவங்கப்பா. ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. 'எடம் இருக்கா'ன்னு கேட்டா, 'இல்லைங்க, நசுங்கிக்கிட்டுத்தான் வரணும்'பாரு. யாரு ஏறுவா?

என்ன அப்படிப் பாக்குறீங்க? சரி சரி, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. மாசி கடைசி ஞாயித்துக்கிழமை சமயபுரத்துல பூச்சொரிதல் இல்லீங்களா... நல்ல மார்க் வாங்கணும்னு நாந்தான் வேண்டிக்கிட்டேன், பூத்தட்டோட நடந்து வர்றோம்னு. எனக்கோ முட்டி வலி. மார்க் யாருக்கு? அவளுக்கு. அப்ப அவதானே நடக்கணும்? கொள்ளிடம் பாலம் தாண்டி, வெறுங்காலோட, தலையில தட்டு நெறைய மல்லியும் சாமந்தியும்... ரோடு பூரா மணக்குதுங்க, பாத்தா அழுகையே வந்துரும். நான் பஸ்ஸுல முன்னாடியே போயி உக்காந்துட்டேன். கூட்டத்துல நின்னு அவ தரிசனம் முடிக்கிறப்ப பொழுது விடிஞ்சிருச்சு. நேரா பரிச்சைக்கு! மார்க்குக்குத்தானே வேண்டுனேன்? மிச்சத்தை ஆத்தாதானே பாத்துக்கணும்?

இந்தா, வந்துட்டா! என்னடி ஆச்சு? வாயத் தொறந்து சொல்லேன்... கெடச்சிருச்சா? எடம் கெடச்சிருச்சா! எந்தாயி! பாத்தீங்களாங்க, கெடச்சிருச்சாம்!

காய்ச்சல்னு சொன்னியா? சொல்லலையா? நடந்ததை அப்படியே சொல்லிட்டியா! அடிப்பாவி, மானத்தை வாங்கிட்டியே! மேடம் என்ன சொன்னாங்க? சிரிச்சாங்களா... அப்புறம் அந்த வெளக்குக்காரி கதையைக் கேட்டாங்களா? அதைச் சொன்னப்பதான் எடம் குடுத்தாங்களா? சரிதான். கடைசியா என்ன கேட்டாங்களாம்? 'இந்த எடத்துக்கு ஒங்கம்மா என்ன வேண்டியிருக்காங்க'ன்னா?

அய்யய்யோ, அது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு! வேண்டத்தான் வேண்டியிருக்கேன். காலேஜ் தொறக்குறதுக்கு மொத நாளு மறுபடியும் நட... மொறைக்காதடி! என்னது? வேண்டிக்கிட்டவங்களே நடக்கட்டும்னு மேடம் சொல்லிட்டாங்களா? நல்லாருக்கே ஞாயம்! அதையும் கல்லுல வெட்டி வைக்கச் சொல்லு!

இப்ப என் முட்டி என்னாகுறது? பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு இருந்தா மெதுவா நடந்துருவேன். ஏங்க, ஒங்களுக்குக் காலு நல்லாத்தானே... ஏங்க? எங்கங்க எந்திரிச்சுப் போறீங்க? ஒங்க பொண்ணை இன்னும் கூப்பிடவே இல்லையே!