கடல்நாகத்துக்குக் கை தூக்கியவர்கள்

ஊர்மன்றத்தின் மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் ஹோல்கெர் அவர்களே, நம் பாதிரியார் மெட்டெ அவர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து உட்கார்ந்திருக்கும் போடில் அவர்களே, ஸ்ட்ரான்லுண்ட் கேளிக்கைப் பூங்காவில் வேலை செய்கிறவர்களே, சென்ற கோடையில் அந்த வேலையை இழந்தவர்களே! உங்கள் எல்லாருக்கும் கர்த்தருடைய சமாதானம் உண்டாகட்டும்.

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. சமையலறையிலும் ஜெபக் கூட்டத்திலுமே என் காலம் போயிற்று. என் கணவர் அனர்ஸ் தன் புல்வெளியைப் பூங்காவுக்குக் கொடுத்துப் பங்குகளாக வாங்கிக்கொண்டார். அவர் இறந்ததும் பங்குகள் என் பெயருக்கு வந்தன, கூடவே நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலியும் வந்தது. கணக்கு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டுச் செலவை எழுதி எழுதி நானே கற்றுக்கொண்டேன். "டாக்னி போட்ட கூட்டலில் தப்பு வராது" என்று குழுவில் ஒரு பேர் எடுத்தேன். அந்தப் பேரைப் பற்றித்தான் இன்று பேசவேண்டியிருக்கிறது.

இயக்குநர் எஸ்கில் ராவ்ன், நம் போடிலின் கணவர்! பத்தொன்பது வருடம் இந்தப் பூங்காவை நடத்தியவர். சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பருவம் தொடங்குவதற்கு முன் கதவுகளைத் திறந்து பார்க்கப் போனவர், பெரிய வாசலருகில் விழுந்தார், எழவில்லை. அவருக்கு வயது அறுபத்தொன்று. அவரை வழியனுப்பத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

எஸ்கில் எப்படிப்பட்டவர்? பிடிவாதக்காரர். கூட்டத்தில் அதிமதுர மிட்டாயை மென்றுகொண்டே பேசுவார். தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார். "எஸ்கில், ஆண்டவர் உங்க முகத்தையே மறந்துடப் போறாரு" என்று நான் ஒருமுறை சொன்னேன். "அதுக்குத்தான் நீங்க வாரா வாரம் ஞாபகப்படுத்துறீங்களே டாக்னி" என்றார். அவருக்காக நான் ஜெபிக்கிறேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது!

ஒரு பூங்கா அடுத்து எந்த விளையாட்டைக் கட்டுவது என்று எப்படி முடிவெடுக்கிறது? உங்களில் பலர் நினைப்பது போல, படம் போட்ட புத்தகத்தைப் பிரித்து, பிடித்ததைக் காட்டுவதில்லை. மற்றப் பூங்காக்கள் என்ன கட்டின என்று பார்ப்பார்கள். மணிக்கு எத்தனை பேர் ஏறலாம் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும், ஆள் நுழைய நுழைய எண்ணுகிற சுழல் கதவில் எத்தனை முறை எண் ஏறியது என்று பார்ப்பார்கள். எஸ்கிலும் இதையெல்லாம் பார்த்தார். ஆனால் அவருக்கு வேறொரு வழக்கமும் இருந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வெளிவாசலில் போய் நிற்பார். உள்ளே வருகிறவர்களைக் கேட்கமாட்டார், சீக்கிரமாகக் கிளம்புகிறவர்களைக் கேட்பார். "ஏங்க, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?"

ஒருநாள் நானும் கூட நின்றேன். ஆர்ஹூஸிலிருந்து வந்த ஒரு தகப்பன், தோளில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. எரிச்சலோடு சொன்னார்:

"என்ன பண்றது? பெரியவன் ஏறுறதுல சின்னவள ஏத்த மாட்டேங்குறாங்க. சின்னவ ஏறுறதுல பெரியவன் ஏற மாட்டேங்குறான். மழை வேற. எங்க வீட்டம்மா கார்ல உக்காந்துட்டா, இனி எறங்க மாட்டா."

எஸ்கில் என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? கார்ல இருக்கிறதுலயே சின்னது எப்ப அழுதோ, அப்ப மொத்தக் குடும்பமும் வீட்டுக்குப் போகுது. அந்தச் சின்னதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் வாங்கிக் கொடுத்தா போதும். அதுலதான் காச போடணும்."

அப்படித்தான் கூரையிட்ட படகு ஓடை என்ற திட்டம் வந்தது. நாலு வயதும் பன்னிரண்டு வயதும் தாயும் தகப்பனும் ஒரே படகில். மேலே கூரை. நம் மேற்குக் கரையில் மழை இல்லாத ஜூலை எது?

அந்தத் திட்டம் ஏன் கட்டப்படவில்லை? அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், பிப்ரவரியில், குழு கூடியது. மேசையில் இரண்டு திட்டங்கள். ஒன்று படகு ஓடை. இன்னொன்று கடல்நாகம் என்ற ரோலர் கோஸ்டர், ஆறு கோடி குரோனர். சுழல் கதவு எண்களைத் தொகுத்து அட்டவணை போட்டவள் நான். பழைய ரோலர் கோஸ்டரில் பருவத்துக்கு இரண்டு லட்சம் முறை எண் ஏறியிருந்தது. பழைய படகுச் சவாரியில் அறுபதாயிரம். என் அட்டவணையை ஹோல்கெர் எல்லாருக்கும் கொடுத்தார்.

எஸ்கில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டாக்னி, இந்த ரெண்டு லட்சத்துல எத்தனை முகம் இருக்கு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முகத்த யாரு எண்ணுறது எஸ்கில்? கதவு எண்ணுது. கதவுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏழு பேர் கொண்ட குழு. மூன்று கைகள் கடல்நாகத்துக்கு எழுந்தன. மூன்று கைகள் எழவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கையைத் தூக்கினேன்.

நம் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே எப்படிச் சண்டை போட்டாலும், வெளியே ஒரே குரல். யார் எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில்கூட எழுதமாட்டோம். முடிவை இயக்குநர்தான் தன் முடிவாக ஊருக்குச் சொல்லவேண்டும். எஸ்கில் பத்திரிகைக்காரர்கள் முன் நின்று, "கடல்நாகத்தைக் கட்டத் தீர்மானித்திருக்கிறேன்" என்றார். தீர்மானித்திருக்கிறேன் என்றார்! தீர்மானித்திருக்கிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் கோடையில் கூட்டம். இரண்டாம் கோடையில் கூட்டம் எங்கே? ஒரு மீட்டர் நாற்பதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. ஒருவர் மேலே கத்த, நாலு பேர் கீழே அவருடைய மேல்சட்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டு மணிக்குக் கார்கள் கிளம்பின. மதியம் போனவர்கள் மாலையில் சாப்பிடுவார்களா? சாப்பாட்டுக் கடைகள் இரண்டு மூடின. முப்பத்தெட்டுப் பேரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர்களில் சிலர் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழி யாருக்குப் போயிற்று? எஸ்கிலுக்கு!

கூட்டுறவுக் கடையில் ஒருநாள் பணம் கட்டும் வரிசை. முன்னால் எஸ்கில், அவருக்குப் பின்னால் நான், கையில் பாலும் வெண்ணெயும். பக்கத்து வரிசையிலிருந்து ஒருவர் கடை முழுக்கக் கேட்கும்படி, "என்ன ராவ்ன், அடுத்து என்ன கட்டப் போறீங்க? இன்னொரு பாம்பா? என் பொண்ணுக்கு அந்தப் பாம்பு சோறு போடுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். எஸ்கிலின் கழுத்து சிவந்தது. திரும்பினார், என்னைப் பார்த்தார். நான் வெண்ணெயைப் பார்த்தேன். "முட்டி வலி எப்படி இருக்கு டாக்னி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்! "பரவாயில்ல" என்றேன். நானும் அவ்வளவுதான் சொன்னேன்.

சென்ற ஆகஸ்டில் என் மனம் கேட்கவில்லை. பின்னலை எடுத்துக்கொண்டு பழைய ரோலர் கோஸ்டரின் கதவருகே நாள் முழுக்க உட்கார்ந்தேன். என் பக்கத்து வீட்டுச் சிறுமி சோல்வை, பதினொரு வயது, ஓடி ஓடி வந்து ஏறினாள். ஒருமுறை பணம் கட்டி வருடம் முழுக்க வந்துபோகிற ஆண்டு அட்டை வைத்திருக்கிற உள்ளூர்ப் பிள்ளை.

"இது எத்தனாவது தடவ?" என்றேன்.

"பத்தொம்பது! சாயங்காலத்துக்குள்ள முப்பது அடிச்சிருவேன். போன வருசம் என் ரெக்கார்டு இருபத்தெட்டு!"

என் கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது. முப்பது முறை எண் ஏறும், முகம் ஒன்றுதான்! அவளும் அவள் வகுப்புத் தோழர்களும் சுற்றிச் சுற்றி ஏறியதைத்தான் நான் இரண்டு லட்சம் என்று எழுதியிருந்தேன். படகில் ஏறிய அறுபதாயிரமோ, தூரத்து ஊர்களிலிருந்து குடும்பமாக வந்து, முழு விலை கொடுத்து, ஒரே ஒரு முறை ஏறியவர்கள். என் கூட்டலில் தப்பில்லை. நான் எண்ணியதே தப்பு.

அன்றே எஸ்கிலிடம் போனேன், சொன்னேன். அவர் மன்னித்துத் தட்டிக்கொடுத்தார் என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவர் கோபப்பட்டார். "இத என் ரூமுக்குள்ள வந்து சொல்லி என்ன பிரயோசனம் டாக்னி? போடில் கடைக்குப் போறதயே நிறுத்திட்டா. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் கூட்டத்தில் சொல்லவில்லை, நேரமில்லை என்றேன். நவம்பரில் சொல்லவில்லை, ஹோல்கெருக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஜனவரியில் ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். ஆண்டவரிடம் சொல்வது எளிது. கூட்டுறவுக் கடை வரிசையில் அவரைச் சந்திக்க வேண்டியதில்லை அல்லவா?

இப்போது எஸ்கில் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று இங்கே நான் அழுதால், அது யாருக்குப் பயன்?

போடில் அவர்களே, உங்கள் கணவர் கடல்நாகத்தைக் கட்டச் சொல்லவில்லை. கட்ட வேண்டாம் என்றார். வேலையிழந்தவர்களே, உங்கள் வேலையைப் பறித்தது எஸ்கில் அல்ல. என் அட்டவணையும், நான் தூக்கிய கையும். ஒரே குரல் என்ற நம் வழக்கத்தை மீறிச் சொல்கிறேன், பத்திரிகையிலும் என் பெயர் போட்டு எழுதித் தருகிறேன். இதற்காகக் குழு என்னை நீக்கலாம், நீக்கட்டும்.

அடுத்த வியாழக்கிழமை குழு கூடுகிறது. மீதியிருக்கும் பணத்தில் உயரமான கோபுரம் ஒன்று கட்டலாம் என்று ஒரு ஆலோசனைக் கம்பெனி சொல்லியிருக்கிறது. அவர்களும் சுழல் கதவைத்தான் எண்ணியிருக்கிறார்கள். நீக்காமல் இருந்தால், என் கை கூரையிட்ட படகு ஓடைக்கே எழும். நீக்கினால், பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து அதையே கேட்பேன். பருவம் திறந்ததும் சனிக்கிழமை மதியம் வெளிவாசலில் நின்று கேட்கிற வேலையையும் நானே எடுத்துக்கொள்கிறேன். எஸ்கில் அளவுக்கு எனக்குப் பேச வராது. கேட்க வரும்.

கடல்நாகத்துக்கு அன்று எழுந்தவை நான்கு கைகள். மற்ற மூன்று கைகளும் இந்த மண்டபத்தில்தான் இருக்கின்றன. பெயர் சொல்லமாட்டேன், அது என் வேலை இல்லை. பேசி முடித்தவர் போய் உட்கார்வதுதான் முறை என்று தெரியும். மன்னியுங்கள், நான் இப்போது உட்காரப் போவதில்லை. என் முட்டி தாங்குகிற வரை இப்படியே நிற்கிறேன். அந்த மூன்று பேரும் எழுந்து நின்றால், போடில் திரும்பிப் பார்க்கட்டும்.