வலது பக்கத்து ஒயர்

மதியம் ஒன்றே முக்கால். ஊரைத் தாண்டிப் போகிற நீளமான ரோடு. ஆள் இல்லை, வண்டி இல்லை... வெயில் மட்டும்தான் கிடக்கிறது.

“பேய்க் கதைன்னுட்டு மதியம்ங்கிற?” என்றான் நெட்டையன்.

லாரி வர நேரம் இருந்தது. கரண்ட் போய்விட்டது. குடோனில் மூட்டைகளுக்கு நடுவே ஆறு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

“தியேட்டருக்குள்ள எப்பவும் ராத்திரிதான்டா. வாய மூடிக்கிட்டுக் கேளு” என்றேன்.

இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. ஸ்பீக்கர் வேலை பார்ப்பவர். பொய் சொல்ல மாட்டார். பொய் சொல்கிற அளவுக்கு அவருக்குப் பேச்சு வராது.

அந்த ரோட்டுக் கடைசியில் ஒரு தியேட்டர். புரொஜெக்டர் ரொம்பப் பழசு. வெள்ளிக்கிழமை புதுப்படம் வருகிறது, அதற்குள் ஸ்டீரியோ சத்தம் வரவைக்க வேண்டும். அதற்காக ஹாலை மூடிவிட்டு மச்சானைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே ஆப்பரேட்டரும் அவர் மகளும் மட்டும். மகள் அங்கேயே டிக்கெட் கொடுக்கிறவள்.

ஆப்பரேட்டரின் மனைவி இறந்து பதினெட்டு வருஷம். மதியக் காட்சி நடுவில், ஒன்றே முக்காலுக்கு, அவருக்குச் சாப்பாடு கொண்டு வருகிறவர். படம் ஓடும்போது புரொஜெக்டர் இருக்கிற மிஷின் ரூமை உள்ளே தாழ் போட வேண்டும், அது அங்கே சட்டம். அன்றைக்குப் படியேறி வந்த இடத்தில் அந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி. கதவைத் தட்டியிருப்பார். ரீல் முடிந்து இவர் திறந்தபோது, அந்த அம்மா படிக்குக் கீழே கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

“மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி.” முதல் நாளே மச்சானிடம் சொன்னார். மச்சான் கேட்காமலே சொன்னார். மகளுக்கு அப்போது ஆறு வயது. இதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். இதை நம்பித்தான் இன்றைக்கும் அவருக்குச் சோறு போடுகிறாள்.

படச்சுருளின் ஓரத்தில் முடி மாதிரி இரண்டு கோடு ஓடும். அதுதான் சத்தம். ஒரு குட்டி பல்பின் வெளிச்சம் அதன் வழியாகப் போகும். அந்தப் பக்கம் கண் மாதிரி ஒரு சில்லு அதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். பழைய மிஷினில் ஒரே கண். இரண்டு கோட்டையும் சேர்த்து விழுங்கிவிடும். மச்சான் அதைக் கழற்றிவிட்டு, இரண்டாகப் பிளந்த கண்ணை வைத்தார். இடது கோட்டுக்கு ஒரு ஒயர், வலது கோட்டுக்கு ஒரு ஒயர்.

முதலில் இடது ஒயரைப் பற்றவைத்தார். ஈயம் கருகுகிற வாசனை... சோதனைப் படத்தை ஓட்டினார். அதில் ஆள் குரலே கிடையாது. உஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும்தான்.

இரைச்சலுக்குள்ளே... டக். டக். டக்.

மரத்தில் விரல் மடக்கித் தட்டுகிற சத்தம்.

“என்னங்க... நெஞ்ச அடைக்குது... கதவத் திறங்க.”

ஆப்பரேட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு படம் போகிற ஓட்டை வழியாக ஹாலுக்குள் கத்தினார். “ஏம்மா... ஓடியா. உங்கம்மா பேசுறா.”

மகள் வந்து நடு சீட்டில் உட்கார்ந்தாள். மறுபடி ஓட்டினார்கள். அவளுக்கு முகமே பாதிதான் ஞாபகம், குரல் சுத்தமாக இல்லை. “இப்படியா இருந்துச்சு அம்மா குரல்?” என்று கேட்டுக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மச்சான் அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனாலும் தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? வலது ஒயரை எடுத்தார்.

ஆப்பரேட்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “போதும் தம்பி. அந்தப் பக்கம் வேண்டாம்.”

“ஒத்தக் காதோட விட்டுட்டுப் போனா என்னையில்ல திட்டுவாங்க அண்ணே?”

கீழேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். “அப்பா, அதையும் போடச் சொல்லுங்க. அம்மா இன்னும் ஏதாச்சும் சொல்லும்.”

பிடித்த கை தானாக விட்டுவிட்டது. ஆப்பரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

மச்சான் வலது ஒயரையும் பற்றவைத்துப் படத்தை ஓட்டினார். இடது பக்கம்... டக். டக். “என்னங்க...”

வலது பக்கம் மிஷின் கடகடக்கிற சத்தம். அதன் மேல் ஓர் ஆண் குரல். சின்ன வயசுக் குரல், எரிச்சலோடு.

“இரு. ரீல் முடியட்டும்.”

டக். டக்.

“இருன்னு சொல்றேன்ல.”

அப்புறம் டிபன் கேரியர் உருளுகிற சத்தம். ஒரு படி... இன்னொரு படி... ஆப்பரேட்டர் எழுந்து படச்சுருளைக் கையாலேயே பிய்த்தார். மிஷின் நின்றது. சத்தம் நிற்கவில்லை. பன்னிரண்டு படியும் உருண்டு, மூடி தரையில் சுற்றி அடங்கின பிறகுதான் நின்றது.

ஹாலில் மடக்கு சீட் ஒன்று டப்பென்று மடங்கியது. மகள் போய்விட்டாள். கவுண்டர் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு, அந்த ரோட்டில், வெயிலில். திரும்பிப் பார்க்கவில்லையாம்.

மச்சான் பழைய ஒற்றைக் கண்ணையே திரும்ப வைத்துவிட்டார். அப்புறம் ஒன்றும் காதில் விழவில்லை. அந்த அம்மா கூப்பிட்டதும் ஆப்பரேட்டர் சொன்னதும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அமுங்கியிருக்கும் என்பது அவர் கணக்கு.

“அமுங்குச்சு, சரி. நின்னுச்சா?” என்றான் நெட்டையன். அவன் குரலே இறங்கிப்போயிருந்தது.

அதைத்தான் சொல்ல வருகிறேன். இரண்டு மாசம் கழித்து, மறந்து வைத்துவிட்டு வந்த மீட்டரை எடுக்க மச்சான் போனார். மதியக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் ரூமுக்குக் கதவே இல்லை. ஆப்பரேட்டர் கீலோடு கழற்றி எறிந்திருந்தார். வெறும் நிலைதான் நின்றது.

ஒன்றே முக்கால்.

டக். டக். டக். அந்த வெறும் வாசலில்... மரத்தில் தட்டுகிற சத்தம்.

“திறந்துதான் இருக்கு, உள்ள வா” என்றார் ஆப்பரேட்டர். தட்டல் நிற்கவில்லை. “கதவே இல்லம்மா... வா.” நிற்கவில்லை.

அவர் மெதுவாக மச்சானைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி... உனக்குக் கேக்குதா?”

மச்சான் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: “மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல அண்ணே.”

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கதவை மச்சான் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறார்.