தாழ்ப்பாளில் மாட்டிய நூல்

லாஸ்பேட்டையிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த வயதான அம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள்:

"நான் சிரிச்சா மீன் மாட்டாதுன்னு எங்க வீட்டுக்காரரு திட்டுவாருடி."

காதை நீட்டாமல் எப்படி இருப்பது?

"நீ சிரிக்கிறதுக்கும் மீனுக்கும் என்னாக்கா?"

"பிரான்சுல பட்டாளத்துல இருந்தப்போ, ஆத்துல இறகால செஞ்ச ஈயைப் போட்டு மீன் புடிப்பாரு. அந்த ஈக்கும் தூண்டில் கயித்துக்கும் நடுவுல கட்டுறதுக்குத் தையல் நூலை அவரே முறுக்குவாரு. மறுமுனைய நான் இழுத்துப் புடிச்சிக்கணும். எதிர்ல நின்னு, நாக்கைக் கடிச்சிக்கினு முறுக்குவாரு. சிரிப்பு வந்து என் கை தளர்ந்துச்சுன்னா, நூலு அங்கயே சுருண்டுக்கும். சுருண்ட நூலுக்கு மீன் வராதாம்."

"இப்ப என்னா திடீர்னு அந்த நெனப்பு?"

"அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சி. பிரான்சுலயே இருக்கிற எம் பையன், அப்பா செஞ்ச மாதிரியே ஒரு நூலு வேணும்னு கேட்டான். மறுமுனையக் கதவுத் தாப்பாள்ல மாட்டி, நானே முறுக்கி அனுப்பிச்சேன்."

"நல்லா வந்துச்சா?"

"கோடு போட்ட மாதிரி வந்துச்சி. நேத்து போன் பண்றான். அப்பா செஞ்சது ஒவ்வொண்ணுலயும் ஒரு எடம் சுருண்டிருக்குமே, இதுல காணுமேம்மாங்கிறான்."

"நீ என்னா சொன்னே?"

"தாப்பாளுக்கு எங்கடா சிரிப்பு வரும்னேன்."