செல் ஏன் வெளியே தள்ளவில்லை?

மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும்.

"உம்மா, என்ட ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"என்னவாம்?"

"கிருமி வந்தா நம்மட உடம்புச் செல்லே அதை உள்ள எடுக்குது. அது அங்கேயே இருந்து தின்டு பெருகுது. பிறகும் செல் ஏன் வெளியே தள்ளல்ல எண்டு கேக்குறாங்க."

நான் இறங்கும் இடம் வந்தது, இறங்கவில்லை.

"மூத்தவள், உன்ட ராத்தாவுக்குச் சீதனமா வீட்டைக் குடுத்து, மாப்பிள்ளையை நாமதானே உள்ள எடுத்தம்? இப்ப ஹோல் முழுக்க அவர்தான். நானும் வாப்பாவும் குசினியில அடுப்புப் பக்கம் ஒதுங்கிட்டம். தள்ள ஏலுமா? தள்ளினா ராத்தாவும் கூடப் போயிருவாள்."

மகள் சற்று யோசித்துவிட்டு, போனில் வேகமாக எழுதத் தொடங்கினாள். தாய் எட்டிப் பார்த்தார்.

"எழுது. மச்சான்ட பேரை மட்டும் போட்டிராத."