லோரோங் முழுக்க வேப்பிலை

முனிசிபாலிட்டியில் கூலியாட்களை மேய்க்கிற தண்டலாக நான் இருந்த முப்பது வருஷமும், இந்தப் பினாங்குத் தீவில் மழை என்னைக் கேட்டுக்கொண்டுதான் பெய்தது. ரோட்டுக்குத் தார் ஊற்றுகிற நாளில் வானத்தைப் பார்த்து விரலை ஆட்டுவேன். ஒரு சொட்டு விழாது.

"இப்போ கொட்டுதே, இது யாரைக் கேட்டுச்சு?" என்றார் இராயப்பன். அதே முனிசிபாலிட்டி ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி. நான் எதைச் சொன்னாலும் நம்பாத ஒரே ஆள்.

"நான்தான் பென்ஷன் வாங்கிட்டேன்லா, கிராணியாரே. இப்போ அது இஷ்டத்துக்குப் பெய்யும்."

ஹனீபா காப்பிக் கடை முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடையில் ஐந்து பேர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். தெருவிளக்கு அவிந்துவிட்டது. ஹனீபா கடைப் பலகையைச் சாத்திவிட்டு, சிம்னி விளக்கோடு வந்து நடுவில் குந்தினார். இதற்குமேல் ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியுமா?

கேளுங்கள். என் கூட்டாளி பீட்டருடைய மச்சான் வீட்டில் நடந்தது. இருபது வருஷம் இருக்கும்.

சாயங்காலம் ஆறே முக்கால். டத்தோ கிராமாட் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு லோரோங், குறுகின சந்து. ஈ, காக்கை இல்லை... எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம். கடக்... கடக்... சுகாதாரத் துரையின் வண்டி. அம்மை கண்டவர்களை அதில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர் குறைவு.

அந்த லோரோங்கில் ஜெயலெட்சுமி என்கிற அம்மாவின் மகனுக்கு முத்துப் போட்டிருந்தது. நம் ஆட்கள் செய்வதை அவளும் செய்தாள். வாசலில் வேப்பிலை கட்டினாள். அங்கேதான் வினை. வேப்பிலை இருந்தால் உள்ளே நோயாளி என்பதைத் துரை கண்டுபிடித்து வைத்திருந்தான். அவிழ்க்கவும் முடியாது. ஆத்தா வந்திருக்கும்போது எவள் அவிழ்ப்பாள்?

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். எல்லா வீட்டிலும் கட்டுங்கள். நாற்பது வாசலிலும்!

"பதினேழு வீடு," என்றார் இராயப்பன், மழையைப் பார்த்தபடி. "யோசனையும் இவருது இல்ல."

சரி, பதினேழு. இந்து வீடு, வேதக்காரர் வீடு, துலுக்கர் வீடு, எல்லா வாசலிலும் வேப்பிலை. துரை வந்தான், பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். வண்டி காலியாகத் திரும்பியது. ஒன்பதாம் நாள் பையனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

ஊரே வேப்பிலையை அவிழ்த்தது. அவிழ்க்கும்போது வாசலில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, போய் வா தாயே என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டைப் பார்த்து நம்ம ஹனீபா வீட்டிலும் ஊற்றினார்கள். பீட்டருடைய மச்சான் பாக்கியசாமி மட்டும் ஊற்றவில்லை. தினம் மாதா கோயில் பூசைக்குப் போகிற மனுஷன், இதெல்லாம் அவனுக்கு என்ன தெரியும்? ஒரு பிள்ளையைக் காப்பாற்றக் கட்டினான், வேலை முடிந்தது. பிடுங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் வாசலில் வேப்பிலை.

பசும் இலை. காம்பில் ஈரம் காயவில்லை... பிடுங்கி எறிந்தான். அதற்கு மறுநாளும். அப்புறம் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். சரக்... சரக்... உடம்பு அரிக்கும்போது வேப்பங்கொத்தால் தடவுவார்களே, அந்தச் சத்தம். கதவைத் திறந்தால் ஒன்றும் இல்லை. விரித்த பாய். மஞ்சள் வாடை.

அவன் பெண்சாதி லீனா ஓடிப்போய் ஜெயலெட்சுமியிடம் அழுதாள். அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கூப்பிட்டீங்க, வந்துட்டா. தலைக்குத் தண்ணி ஊத்தித்தான் அனுப்பணும், அக்கா."

"யார் தலைக்கு?" என்று கேட்டாள் லீனா.



லீனா வீட்டில் இருந்தது ஒரே பிள்ளை. கேத்தரின், நாலு வயசு. பாக்கியசாமி பாய்மேல் தண்ணீர் ஊற்றினான். மாதா கோயில் சாமியாரைக் கூட்டிவந்து வீட்டை மந்திரிக்கச் சொன்னான். ஆத்தா கோயிலுக்கும் தேங்காய் கொடுத்தனுப்பினான். எதைச் செய்தாலும் விடிந்தால் வாசலில் வேப்பிலை. அந்த லோரோங்கில் இப்போது ஒரே ஒரு வாசலில் வேப்பிலை... துரை விடுவானா? கையில் கம்போடு வந்து, வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தான். பிள்ளை தாயின் இடுப்பில் சுகமாக இருந்தது. வேறு யாரும் இல்லை. போய்விட்டான்.

அன்று இரவே கேத்தரினுக்கு உடம்பு கொதித்தது. பத்தாம் நாள் அந்த வாசலில் வேப்பிலையும் இல்லை, வீட்டில் பிள்ளையும் இல்லை.

நான் நிறுத்தினேன். இந்த இடத்தில் இராயப்பன் சிரிப்பார், நானும் ஏதாவது சொல்லிக் கலகலப்பாக்குவேன் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஹனீபா விளக்குத் திரியை ஏற்றினார்.

"நடந்ததுதான்," என்றார் இராயப்பன்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"அன்னிக்குத் துரைக்கு மொழிபெயர்க்கப் போனது நான். உள்ளறையைத் திறந்தோம். பாயில ஒரு பிள்ளை படுத்திருந்துச்சு. முகமெல்லாம் முத்து. கண்ணு மட்டும் திறந்திருந்துச்சு. துரை அது மேல காலைத் தூக்கி வச்சு, ஜன்னல் வரைக்கும் நடந்து போயிட்டு வந்தாரு. 'ஆள் இல்லைன்னு எழுது'ன்னாரு. எழுதினேன்."

"துரைகிட்ட ஏன் சொல்லல, அண்ணே?" என்று கேட்டார் ஹனீபா.

இராயப்பன் மழையிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார்.

"திரும்பிப் பார்த்தேன். வாசப்படியில அந்தப் பொம்பளை இடுப்புல பிள்ளையோட நிக்கிறா. பாயில கிடந்ததும் அதே பிள்ளைதான். ரெண்டும் என்னையே பாக்குது... நான் எதைக் காட்டிச் சொல்வேன்?"