என் கையில் அப்பாவின் பட்டை

அப்பாவுக்கு வெந்நீர்க் குளியல் என்றால் உயிர். அப்போது மட்டும் அண்ணன் அனுப்பிய கைப்பட்டையைக் கழற்றச் சொல்வார். "உங்கண்ணன் மாட்டுன விலங்கு. கொஞ்ச நேரம் ஜாமீன் குடும்மா" என்பார்.

கடிகாரம் போலிருக்கும் அது. ஊசி குத்தாமலே இதயத் துடிப்பையும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனையும் பார்த்து, வெளியூரிலிருக்கும் அண்ணன் போனுக்கும் டாக்டருக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கழற்றினால் அண்ணன் உடனே அழைப்பான்.

"ஒரு பட்டையக்கூட ஒழுங்கா மாட்டிவிடத் தெரியாதா? இதனாலதான் பத்தாவதோட நின்ன."

அந்தப் பேச்சுக்குப் பயந்து, ஒருநாள் குளியல் முடியும்வரை அதை நான் கட்டிக்கொண்டேன். பிறகு மறந்துவிட்டேன். சாயங்காலம் அண்ணன் அழைத்தான்.

"அப்பா நம்பரெல்லாம் பிரமாதமா இருக்கே. என்னடி பண்ண, ஊமைக்கோட்டான்? டாக்டரே கேக்குறார்."

என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அதற்குப் பிறகு நான் அதைக் கழற்றவில்லை. பட்டை இனி வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டதாக அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் சந்தோஷம்தான். துடிப்பு கூடிவிடக் கூடாதே என்று வீட்டு வேலைகளை மெதுவாகச் செய்தேன்.

டாக்டர் என் நம்பர்களைப் பார்த்து அப்பாவின் இதய மாத்திரையைப் பாதியாக்கினார். அப்பாவின் கால் வீங்கியது. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. போனில் பேசினால் அவருக்குக் காது கேட்காது. எதுவானாலும் என்னிடம்தான் சொல்வார்.

"படுத்தா மூச்சு முட்டுதும்மா. அண்ணன்கிட்ட சொல்லேன்."

"நல்லாத்தான் இருக்கீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா."

அது பொய்யில்லை. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"அப்ப எனக்குத்தான் சோம்பேறித்தனம் போல" என்று அப்பா சிரித்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஒருநாள் காலை மாத்திரை கொடுக்கப் போனபோது, அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். கை சில்லிட்டிருந்தது. அன்று அண்ணனுக்கு அலுவலகத்தில் முக்கியமான கூட்டம். அது முடிந்ததும் அழைத்தான்.

"நம்பர் பாத்தேன். அப்பா ஜம்முனு இருக்கார். நீ இருக்கறதாலதான்டி நான் நிம்மதியா இருக்கேன்."

"தூங்குறார்ண்ணா" என்றேன்.

மாத்திரை குறைந்ததற்கு நான்தான் காரணம். அதை நினைத்தால் கூசுகிறது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று சாயங்காலம்வரை பட்டையைக் கழற்றாமல் இருந்தது எனக்காக இல்லை. அண்ணனாவது அந்த ஒரு பகல் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான்.