வலது மூலையில் மாதா

— இன்னும் இன்னாத்த பாத்துகினு கீற? டிஸ்ப்ளே பூட்ச்சு. புச்சு மாட்டிக் குடு, நான் கெளம்பறேன்.

— பூட்ச்சுன்னு யாரு சொன்னது?

— தோஸ்து ஒருத்தன். போட்டோ எட்த்து அனுப்ச்சேன். பாத்ததுமே சொல்ட்டான்.

— லேப்டாப் மெக்கானிக்கா?

— டயர் கட வெச்சிருக்கான்.

— அப்ப அவங்கிட்ட டயர காட்டு. இது ஹெப்சிபா கட. என் கண்ணால பாக்காம ஒரு ஸ்க்ரூவத் தொட மாட்டேன். குந்து, இன்னாசி அண்ணா.

— குந்த நேரமில்லம்மா. மூணு மணிக்கு எம் பொண்டாட்டிக்கு இன்டர்வியூ. இதுலதான் பேசணும். கொருக்குப்பேட்ட ரயில்வே கேட்ட போட்டுட்டான்னா அங்கயே அரை மணி நேரம் பூடும்.

— மணி இப்பதான் பன்னண்டர. மெர்லின் எங்க?

— மெடிக்கல் ஷாப்புல பில்லு போட்டுகினு கீறா. ஒரு மணிக்கு வூட்டுக்கு வருவா. அதுக்குள்ள ரெடி பண்ணி வெச்சிடலாம்னு, அவகிட்ட சொல்லாம தூக்கினு வந்துட்டேன்.

— இன்னா பண்ணுது?

— சத்தம் வரும். படம் வராது. மொத்தமா கருப்பு.

— எப்பவுமேவா?

— நான் வேல முட்ச்சு வூட்டுக்கு வர்றப்பல்லாம்.

— நீ இல்லாதப்போ?

— பகல்ல நல்லாத்தான் கீதுன்றா. பொய்யி. நான் செலவு பண்ணிடுவேன்னு பயம் அவளுக்கு.

— உன் மூஞ்சியப் பாத்ததும் அதுவே கண்ண மூடிக்குதோ இன்னாவோ.

— வெளாடாதம்மா.

— வெளாடல. ஆன் பண்ணிட்டேன். நீயே பாரு.

— அட!

— பளிச்சுன்னு எரியுது.

— மெய்யாலுமே நேத்து எரியலம்மா. அந்தோணியார் மேல சத்தியமா.

— சத்தியமெல்லாம் வேணாம். இரு. மூடிய முன்ன பின்ன சாய்க்கறேன். கீல் வழியா உள்ள ஒரு வயரு போவுது. அது பிஞ்சிருந்தா சாய்க்கறப்ப படம் துடிக்கும். துடிக்குதா?

— இல்ல.

— ஓரத்த அழுத்தறேன். கோடு வருதா?

— இல்ல.

— தோ, இந்தப் பெரிய மானிட்டர சொருவறேன். அதுலயும் அதே படம். உன் டிஸ்ப்ளேவுக்கு ஒரு நோவும் இல்லண்ணா. எட்த்துனு போ.

— போயி? மூணு மணிக்குக் கருப்பாச்சுன்னா? மெய்யாலுமே சொல்றேன், இன்னிக்கு உட்டா அவளுக்கு வேற வேல இல்ல.

— இன்னா வேல?

— ஷிப்பிங் கம்பெனி. பாரிஸ் கார்னர்ல ஆபீசு. கண்டெய்னருக்குப் பேப்பர் ரெடி பண்ற சீட்டு. பதினோரு வருசமா டிரெய்லர் ஓட்டறேன். ஆர்பர் கேட்டாண்ட அந்தப் பேப்பர நீட்டிகினு வெய்யில்ல நிக்கறேன். அத அடிக்கிற சீட்ல மெர்லின் குந்தணும். அவ்ளோதான் எனக்கு.

— குந்துவா.

— நீ சொல்லிட்ட. மூணு கம்பெனிக்கு நேர்ல போனா. மூணு தபாவும் அழுதுகினு வந்தா. பி.காம். படிச்சவ. எதுர்ல நாலு மூஞ்சி வரிசையா குந்தினு கீறதப் பாத்தா வாயி ஒட்டிக்கும். பேரு கேட்டாக்கூட யோசிப்பா.

— அப்ப இந்தக் கம்பெனில மட்டும் எப்டி ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் வந்தா?

— அதான் அதிசயம். போன வாரம் மொத ரவுண்டு, இதே லேப்டாப்புல. நாலு பேரு மாத்தி மாத்திக் கேக்கறான். இவ இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கறா. ஒரு எடத்துல தடுமாறலம்மா. எதுர்ல கட்டில்ல குந்தினு இருந்தேன். எனக்கே கண்ணு கலங்கிட்ச்சு.

— திடீர்னு எப்டி?

— மாதா.

— எந்த மாதா?

— வேளாங்கண்ணி மாதா. தோ, பையிலயே கீறாங்க. டிரெய்லர்ல ஸ்டீரிங்குக்கு முன்னால நிக்க வெச்சிருந்தேன். பதினோரு வருசம். எண்ணூர் ரோட்டுல ஒரு கீறல் கெடயாது. இன்டர்வியூ அன்னிக்குக் கழட்டியாந்து அவளுக்கு வெச்சேன்.

— அப்ப வண்டில?

— வண்டில ஒண்ணும் இல்ல. எனக்குப் பிரேக்கு கீது. அவளுக்கு இன்னா கீது?

— எங்க சபைல சிலையெல்லாம் வெக்க மாட்டோம்ணா.

— தெரியும். நீங்க அல்லேலூயா பார்ட்டி. உன்ன இன்னா கும்புடவா சொன்னேன்? வேல கெடைக்கற வரைக்கும் லேப்டாப்ப உட்டு எடுக்கறதில்லன்னு நேந்துகினு கீறேன். இங்க கொண்டாரணும்னுதான் இன்னிக்கு எட்த்தேன். நீ செக் பண்ணி முட்ச்சுட்டல்ல? மறுபடியும் வெச்சுடறேன். கீபோர்டு பக்கத்துல, வலது மூலைல. தோ.

— அண்ணா.

— பாத்தியா! பாத்தியா! கருப்பு! நான் இன்னா பொய்யா சொன்னேன்?

— மாதாவத் தூக்கு.

— ஏன்?

— தூக்கு, சொல்றேன்.

— வந்துட்ச்சு.

— வையி.

— பூட்ச்சு.

— இப்பத் தூக்கு.

— வந்துட்ச்சு! இன்னாம்மா இது, அற்புதமா?

— காந்தம். இப்டி குடு. அடியத் திருப்பிப் பாரு. வண்டில ஒட்டிகினு நிக்கறதுக்காக வெச்சது. என் ஸ்க்ரூ டிரைவரையே இழுக்குது.

— காந்தம் இருந்தா இன்னா?

— லேப்டாப் மூடிலயும் சின்னதா ஒரு காந்தம் கீது. மூடறப்ப அது இந்த வலது மூலைக்கு வரும். கீழ ஒரு சென்சாரு. காந்தம் கிட்ட வந்தாலே அது மூடிட்டாங்கன்னு நெனச்சு வெளக்க அணைக்கும். மாதா அங்க வந்து நின்னா அதுக்கு மூடுன மாதிரி.

— மூடுனா மொத்தமாத் தூங்கணும். சத்தம் எப்டி வருது?

— தூங்காத மாதிரி யாரோ மாத்தி வெச்சு கீறாங்க.

— மெர்லின்தான். இங்கிலீஷ் பாடத்தப் போட்டுட்டு மூடி அலமாரி மேல வெச்சுடுவா. கேட்டுகினே சமைப்பா.

— அப்ப கணக்கு சரியாப் போச்சு. இடது பக்கம் நகத்து. பாரு, எரியுது. ரிப்பேரு முடிஞ்சுது. ஒரு ஸ்க்ரூ கழட்டல.

— அப்ப கெடுத்தவன் நானா?

— யாரும் கெடுக்கல. எடம் தப்பு, அவ்ளோதான்.

— இரும்மா. மொத ரவுண்டுலயும் மாதா வலது மூலைலதான் நின்னாங்க.

— எவ்ளோ நேரம்?

— முழு நேரமும். அவங்க ஹலோ சொன்னதும், கேமராவுல தெரியாம மூடிக்குப் பின்னாடிலேந்து கைய நீட்டி நான்தான் வெச்சேன். எடுக்கவே இல்ல.

— அப்ப அவ யாரையும் பாக்கலண்ணா. கருப்புதான் பாத்திருப்பா.

— ஐயோ. கண்ணக் கட்டி உட்ட மாதிரி. ஒரு வார்த்த சொல்லலியே அவ.

— போன் அடிக்குது, பாரு.

— அவதான். மணி ஒண்ணா ஆயிட்ச்சு?

— எட்த்து ஸ்பீக்கர்ல போடு.

— ஏய்யா, லேப்டாப்பக் காணோம்.

— எங்கிட்டதான் கீது, மெர்லின். ஹெப்சிபா கடைல. பயப்புடாத.

— மாதாவையும் காணோம்.

— அவங்களும் இங்கதான். ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. படம் வராம போவுதே, அதுக்குக் காரணம் வந்து...

— மாதா அடில கீற காந்தம்.

— உனக்குத் தெரியுமா?

— நீ வெச்ச அன்னிக்கே தெரியும். தெனம் நீ வண்டிக்குப் போனதும் எடுப்பேன். நீ வர்றதுக்குள்ள வெச்சுடுவேன்.

— சொல்லித் தொலைக்கறதுதான?

— வண்டிய வெறுமனே ஓட்டிகினு, எனக்குக் கொண்டாந்து வெச்சு கீற. உங்கிட்ட போயி எடுய்யான்னு எப்டி சொல்றது?

— மெர்லின், நான் ஹெப்சிபா பேசறேன். மொத ரவுண்டு முழுக்க கருப்பப் பாத்துகினா பேசுன?

— ஆமாக்கா.

— நல்ல பொண்ணு போ. இனிமே கவலயே இல்ல. மாதாவ இடது பக்கம் மாத்திட்டேன். மூணு மணிக்கு நாலு பேரு மூஞ்சியும் பளிச்சுன்னு தெரியும்.

— ஐயோ, வேணாங்கா! அந்த நாலு மூஞ்சியும் தெரியாமப் போனதாலதான் எனக்கு வாயே தொறந்துச்சு. மாதா வலது மூலைலயே நிக்கட்டும்.